தேர் இருப்பிடம் வரும்வரை

இன்று காலை கோயில் சபைத் தலைவர் ஒரு செம்பு மோருடன் வந்தார். இந்த வருடத் தேருக்கு உம்முடைய பெயரில் மோர்ப்பந்தல் போடப்போகிறார்களாம். பதம் சரியா என்று பார்த்துச் சொல்ல என்னை விட்டால் ஊரில் ஆளில்லையாம். செம்பை மேசையில் வைத்ததும் தேசியிலையின் எலுமிச்சை வாசம் எழுந்தது. குத்திய சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கிள்ளிப்போட்ட தேசியிலை. கறிவேப்பிலை கூடாது, அது மோரைக் கறியாக்கிவிடும் என்பது உம்முடைய சட்டம். அதையும் யாரிடமோ கேட்டறிந்து அப்படியே செய்திருந்தார்கள். தலைவர் வாசல் படலையைத் தாண்டும்வரை காத்திருந்து, செம்பைக் கொண்டுபோய் வாழையடியில் ஊற்றினேன். இரண்டு வருடமாக எனக்கு மோர் இறங்குவதில்லை. ஏன் என்று வீட்டில் கேட்டால் வாய்வு என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.

மோருடன் ஒரு வெள்ளைத் தாளும் தந்துவிட்டுப் போயிருக்கிறார். பந்தலில் உமது படத்துக்குக் கீழே ஒரு பலகை வரப்போகிறது. அதற்கு நாலு வரி நான் எழுதவேண்டும்.

"புதுசா ஒண்டும் யோசிக்க வேண்டாம் மாஸ்டர். செத்தவீட்டிலை நீங்கள் பேசினதையே சுருக்கித் தாங்கோ. சனம் அதை இப்பவும் சொல்லிச் சொல்லி அழுதுகள்" என்றார்.

அந்த நாலு வரியை எழுத முடியாமல்தான் உமக்கு இதை எழுதுகிறேன். செத்தவீட்டில் நான் பேசியது பொய். அது பொய் என்று தெரிந்தவர்கள் கோயில் சபையில் என்னோடு ஐந்து பேர், உமது மனைவி கிறேஸ், கனடாவில் இருக்கும் உமது மகள். எட்டாவது ஆள் நீர். உமக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்பது தெரியும். ஆனாலும் யாரிடமாவது முதலிலிருந்து சொல்லவேண்டும், சொல்லக்கூடிய ஆள் வேறு எனக்கு வாய்க்கவில்லை.

ஒரே பாடசாலையில் இருபத்தேழு வருடம் படிப்பித்தோம். நீர் கணக்கு, நான் தமிழ். என் வகுப்பில் பிள்ளைகள் கைதட்டுவார்கள், உம்முடைய வகுப்பில் பென்சில் விழுந்தாலும் கேட்கும். யாராவது விடையை மட்டும் எழுதிக்கொண்டு ஓடிவந்தால், "முதல்லை அலகைச் சொல்லு" என்பீர். பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு என்ன, அடியா, இறாத்தலா, மணித்தியாலமா? அலகு தெரியாத எண் உமக்கு எண்ணே இல்லை. ஆசிரியர் அறையில் நான் ஏதாவது அடுக்குமொழியில் அளந்துகொண்டிருந்தால், கொப்பி திருத்தியபடியே, "உதுக்கு அலகு என்ன?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்கவைப்பீர். நானும் சேர்ந்து சிரிப்பேன். உமது கேலியில் முள் இருந்ததாக எனக்கு நினைவில்லை, எனக்குத்தான் தோல் தடிப்பாக இருந்திருக்க வேண்டும்.

கோயிலின் தெற்கு வீதியில் உம்முடையது ஒன்றே வேதக்கார வீடு. ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுப்போடு சேர்ச்சுக்குப் போவீர்கள், மற்ற ஆறு நாளும் எங்கள் மணிச்சத்தத்தில் எழும்புவீர்கள். கோயிலுக்குள் நீர் ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் தேரன்று உம்முடைய படலையில் மோர் இல்லாமலும் இருந்ததில்லை. உமது தகப்பனார் தொடங்கியது. ஏன் இந்த வேலை என்று உம்முடைய ஆட்களே சிலர் கேட்டதுண்டு. "சாமி வாசலுக்கு வரேக்கை சும்மா நிக்கிறது மரியாதையில்லை" என்று முடித்துவிடுவீர்.

வாசிகசாலை ஆண்டுவிழாவில் எங்கள் இருவரையும் எதிரெதிரே இருத்தி ஒரு பட்டிமன்றம் வைத்தார்களே, அதை நான் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பேன். நல்லது கெட்டதைத் தீர்மானிப்பது பெரும்பான்மையோரின் மகிழ்ச்சியா, இல்லையா என்பது தலைப்பு. மகிழ்ச்சிதான் என்பது என் கட்சி. எனக்கு அது வெல்லம். ஊர் கூடித் தேர் இழுக்கும் பழமொழியில் தொடங்கினேன். "வடத்திலே ஆயிரம் கை. அதிலே ஒரு கை நோகிறது என்பதற்காகத் தேரை நடுவீதியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போவோமா?" என்று கேட்டு நிறுத்தினேன். கொட்டகை அதிர்ந்தது. கைதட்டல் அடங்கியபின் நீர் எழுந்து கண்ணாடியைத் துடைத்தீர். உமக்குத் தந்த பத்து நிமிடத்தில் நாலு நிமிடத்தைக்கூட நீர் எடுக்கவில்லை.

"ஒராளின்ரை நோவை நூறு பேரின்ரை சந்தோசத்திலை இருந்து கழிச்சால் மிச்சம் சந்தோசம் எண்டு எதிரணித் தலைவர் சொல்லுறார். கழிக்கிறதெண்டால் ரெண்டும் ஒரே அலகிலை இருக்கோணும். இருக்குதோ?" என்று கேட்டுவிட்டு இருந்துவிட்டீர்.

ஒருவரும் கைதட்டவில்லை. நடுவர் என் பக்கம் தீர்ப்புச் சொன்னார். திரும்பி வரும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு இருவரும் நடந்தோம். நல்லாய்ப் பேசினீர் என்று மனதாரச் சொன்னீர். பிறகு சிறிது தூரம் போனபின், "தேருக்குப் பக்கத்திலை, சில்லுக்குக் கீழை வைச்சுத் தேரை நிப்பாட்டிற சறுக்குக்கட்டையோடை ஒராள் குனிஞ்சு குனிஞ்சு நடக்கிறவர், கவனிச்சனீரோ? ஊர் முழுக்கச் சாமியைப் பாக்குது. அந்தாள் மட்டும் சில்லைப் பாக்குது" என்றீர்.

"அது ஒராள்தானே" என்றேன்.

"ஓம். ஒராள் காணும், அதுக்கு மேலை தேவையில்லை" என்றீர்.

வெற்றி மிதப்பில் அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும், அது சிறியது, ஆனால் இதற்குள்தான் வருகிறது. நீர் படுக்கையில் விழுந்த வருடம் அது. தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அன்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். திருவிழாவுக்குக் கொடி ஏறியதும் உம்முடைய அறை யன்னலுக்கு நேர் எதிரேயிருந்த கம்பத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிவிட்டோம். காலை நாலரைக்குத் தொடங்கும் பாட்டு. ஐந்தாம் திருவிழாவன்று கிறேஸ் என்னிடம் வந்து, குழாயைக் கொஞ்சம் கிழக்கே திருப்பிவிட முடியுமா என்று கேட்டாள். நான் சபைச் செயலாளர். கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். கேட்டேன், ஆனால் கேட்கவேண்டுமே என்று கேட்டேன். கிழக்குப் பக்கத்துச் சனத்துக்கு ஏற்கெனவே ஒரு குழாய் இருக்கிறது, தெற்குச் சனத்துக்குப் பாட்டுக் கேட்காமல் போய்விடும் என்றார்கள். நான் அதை அப்படியே கொண்டுவந்து உம்மிடம் ஒப்புவித்தேன். "அதுக்கென்ன, கட்டிலைத் திருப்பிப் போட்டிட்டம்" என்று சிரித்தீர். எலும்பும் தோலுமாகக் கிடந்து நீர் சிரித்த அந்தச் சிரிப்பை, பிரச்சினை தீர்ந்தது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் தேர். காலை ஐந்தே முக்காலுக்குக் கைத்தொலைபேசி அடித்தது.

"அண்ணை, இவர் போயிட்டார். வாங்கோ" என்றாள் கிறேஸ்.

நான் குளித்து, வேட்டி கட்டி, திருநீறும் பூசி முடித்திருந்தேன். அப்படியே ஓடிவந்தேன். உமது கண்களை அவள் மூடிவிட்டிருந்தாள். கண்ணாடி மடித்துக் கட்டிலருகே இருந்தது. குசினிக்குள் ஆறு தயிர்ச்சட்டிகள் வரிசையாக இருந்தன, முதல்நாள் பின்னேரம் நீர் கட்டிலில் கிடந்தபடியே சொல்லிச் சொல்லி வாங்குவித்தவை. வெங்காயம்கூடக் குத்தியாயிற்று. நான் உமது காலடியில் நின்று அழுதேன். அது உண்மை அழுகைதான், அதிலே எனக்குச் சந்தேகமில்லை. கிறேஸ் அழவில்லை. அவளுக்கு அதைவிட முக்கியமான ஒன்று நினைவுக்கு வந்திருந்தது.

"முதல்லை கோயிலிலை போய்ச் சொல்லுங்கோ அண்ணை. அவையள் தெரியாமல் சாமியை வெளிக்கிடுத்திப் போடுவினம். அது இவருக்கு விருப்பமாயிராது" என்றாள்.

எங்கள் கோயிலின் வழக்கம் அவளுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். நாலு வீதிக்குள் ஒரு சாவு விழுந்தால், பிரேதம் போய், கோயில் கழுவிச் சுத்தி செய்யும்வரை பூசையில்லை. யாருடைய சாவு என்ற கேள்வியில்லை. பிரேதத்தை உடனே வேறிடத்துக்கு எடுத்தாலும், சுத்திசெய்து முடிய மத்தியானம் தாண்டும். தேருக்கு வைத்த நேரம் தவறிவிடும். அவள் சொன்ன செய்தியை எடுத்துக்கொண்டுதான் நான் படலையைத் தாண்டினேன். தேர்முட்டிக்குப் பின்னால் சபையார் நாலு பேரும் நின்றார்கள், சொன்னேன்.

நாலு பேரும் வீதியில் நின்ற சனத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு தலைவர் மெல்லத் தொடங்கினார்.

"பாவம், நல்ல மனிசன். ஆனால் சனத்தைப் பாருங்கோ மாஸ்டர். காவடிக்குச் செடில் குத்தத் தொடங்கியாச்சு. லண்டனாலை, கனடாவாலை லீவு போட்டு வந்த சனம். இந்தத் தேருக்கெண்டு ஒன்பது நாள் பச்சைத்தண்ணியோடை கிடக்கிற பொம்பிளையள் எத்தினை பேர். எல்லாரையும் வீட்டை போகச் சொல்லுறதோ?"

"அவை வேதக்காரர்தானே. எங்கடை துடக்கு தீட்டொண்டும் அவைக்கு இல்லை" என்றார் ஒருவர்.

"அப்ப ஐயரிட்டைச் சொல்லிப்போட்டே தேரை எடுப்பமே" என்றார் மற்றவர்.

"ஐயர் அறிஞ்சால் எடுக்கார்" என்றார் முதலாமவரே. ஐயர் நேர்மையான மனிதர் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. அதனால் அவருக்குச் சொல்வதில்லை என்பதிலும் ஒரே கருத்து ஏற்பட்டது.

"அஞ்சு மணித்தியாலம்தான். தேர் இருப்பிடத்துக்கு வந்த உடனை எல்லாருக்கும் சொல்லுவம். ஒத்துக்கொள்ளுறவை கையை உயர்த்துங்கோ" என்றார் தலைவர்.

நாலு கை உயர்ந்தபின் ஐந்தாவதாக என் கையும் தானாக எழுந்தது என்று இங்கே எழுதலாம். வாசிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நடந்தது அதுவல்ல. நான் உமது சிநேகிதன் என்பதால் நாலு பேரும் கையைக் கீழே வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்கள். நான் மாட்டேன் என்றிருந்தால் அவர்களில் ஒருவருக்கும் துணிவு வந்திராது. முதலில் உயர்ந்தது என் கை. பட்டிமன்றத்தில் சொன்ன அதே நியாயம் அப்போது என் வாயில் தயாராக இருந்தது. ஆயிரம் கை, ஒரு கை. சொல்லவே தேவைப்படவில்லை.

மறுபடி உமது வீட்டுக்கு வந்தேன். கிறேஸ் சேர்ச்சில் சாவுமணி அடிக்கச் சொல்ல ஆளனுப்ப நின்றாள். அவளை நிறுத்தினேன்.

"தங்கச்சி, ஒரு அஞ்சு மணித்தியாலம். தேர் இருப்பிடத்துக்கு வரும்வரைக்கும் வெளியிலை தெரியவேண்டாம். ஊர்ச்சனம் முழுக்க..." என்று இழுத்தேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "மோர்?" என்றாள்.

"குடுக்காட்டில் ஏன் எண்டு கேப்பினம்."

"செத்தவீட்டிலை இருந்து குடுக்கலாமோ அண்ணை? அவையள் வழியிலை அது பிழையெல்லே?"

எங்கள் சனத்தின் ஆசாரத்தைப் பற்றிய கவலை அந்த வீதியிலேயே அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அதையே அவள் மறுமொழியாக எடுத்துக்கொண்டாள்.

"நான் அழவும் கூடாதோ?"

"மெல்ல அழலாம் தங்கச்சி."

"மெல்ல அழ எனக்குத் தெரியாது" என்றாள். பிறகு சொன்னாள்: "எப்ப அழலாம் எண்டு வந்து சொல்லுங்கோ அண்ணை."

அவளுடைய கையிலிருந்த தொலைபேசியில் மகள் வந்தாள். செய்தி கேட்டு அந்தப் பிள்ளை அங்கே ஓவென்று சத்தம் வைத்து அழுதாள். அவளுடைய ஊரில் அன்று ஒரு தேரும் ஓடவில்லை. கிறேஸ் தொலைபேசியின் சத்தத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் ஒன்றுமே கேட்காதபடி வைத்துக்கொண்டு, வாயசைத்து அழும் மகளின் முகத்தை மட்டும் பார்த்தபடி நின்றாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

தேர் ஓடியது. இனி எழுதப்போவதை எழுதத்தான் எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. நான் சந்தோஷமாக இருந்தேன். நெஞ்சில் பாரத்தோடு, ஊருக்காக முகத்தைச் சிரிப்பாக வைத்துக்கொண்டேன் என்றெல்லாம் இல்லை. அரோகரா என்ற சத்தம் எழுந்து, வடம் இறுகி, சில்லு முதல் தடவை அசைந்தபோது என் மயிர்க்கால் எல்லாம் நிமிர்ந்தது. எனக்கு முன்னால் வடம் பிடித்தவர் போன வருடம் நடக்க முடியாமல் கிடந்தவர். அவர் முகத்தைப் பார்த்து நான் ஆனந்தக் கண்ணீர் விட்டேன். அந்தச் சனத்தின் சந்தோஷத்தில் கலப்படம் கிடையாது. அதை இன்றைக்கும் நான் பொய் என்று சொல்லமாட்டேன். பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வெட்கம் வந்திராது.

தெற்கு வீதியில் வழக்கம்போல உம்முடைய படலையடியில் தேர் தரித்தது. சனம் மோருக்கு ஓடியது. கிறேஸ் ஒவ்வொரு தேருக்கும் கட்டும் இளமஞ்சள் சேலையில், இரண்டு வாளியை முன்னால் வைத்து அள்ளி அள்ளிக் கொடுத்துக்கொண்டு நின்றாள். மாஸ்டர் எப்படி என்று கேட்டவர்களுக்குத் தலையை மட்டும் அசைத்தாள். அவர்களும் அதில் தங்களுக்கு வேண்டிய பதிலை எடுத்துக்கொண்டார்கள். நானும் வரிசையில் போனேன். போகாமல் விட்டால் வித்தியாசமாகத் தெரியும் என்று நினைத்தேன். தாகமும் இருந்தது. கோப்பையைத் தரும்போது அவள் வாயசையாமல் கேட்டாள்.

"இன்னும் எவ்வளவு நேரம் அண்ணை?"

"இந்தா, கிட்ட வந்திட்டுது" என்றேன். இன்னும் இரண்டு வீதி கிடந்தது.

குடித்தேன். உப்புப் புளிப்பு எல்லாம் சரியாக இருக்கிறது என்று மனதுக்குள் ஒரு எண்ணம் ஓடியது. இருபது அடி தள்ளி, திருப்பிப்போட்ட கட்டிலில் நீர் கிடந்தீர்.

பதினொரு மணிக்குத் தேர் இருப்பிடத்துக்கு வந்தது. உடனே உம் வீட்டுக்கு ஓடியிருக்கவேண்டும். ஓடவில்லை. ஆட்கள் கட்டிப்பிடித்தார்கள். தலைவர் எனக்கு ஒரு மாலை போட்டார். சாமிக்குப் பச்சைப் பட்டுச் சாத்தி இறக்குவதைப் பார்த்துவிட்டுப் போவோம் என்று நின்றேன். பிறகு அன்னதானத்தில் ஆள் காணாது என்றார்கள், சோற்று வாளியைத் தூக்கினேன். பசித்தது, பந்தியில் இருந்து சாப்பிட்டேன். எனக்குப் பக்கத்தில் இருந்தவன் எங்களுடைய பழைய மாணவன். "கணக்கு மாஸ்டர் எப்பிடி இருக்கிறார் சேர்?" என்று கேட்டான்.

"அப்பிடியேதான் இருக்கிறார்" என்றேன், பாயாசத்தை வழித்தபடி.

சொன்ன பிறகுதான் எனக்குச் சுரீர் என்றது. மறைத்துப் பேசிய சொல் இல்லை அது. அந்த நொடியில் நீர் இறந்ததையே நான் மறந்திருந்தேன். மண்டபத்துச் சுவர்க் கடிகாரத்தில் இரண்டரை. இலையை மூடாமல் எழுந்து ஓடினேன்.

கிறேஸ் உமது கட்டிலருகே கதிரையில் இருந்தாள். அதே சேலை, முந்தானையில் மோர் காய்ந்து வெள்ளையாக இருந்தது. யன்னல் எல்லாம் பூட்டியிருந்தாள். மோர் கொடுக்க வெளியே நின்ற நேரம் தவிர, காலை ஐந்தரைக்குப் போன மனிதனோடு ஒன்பது மணித்தியாலமும் அந்தப் புழுக்கத்தில் இருந்திருக்கிறாள். நான் வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன்.

"முடிஞ்சுதோ?"

"ஓம் தங்கச்சி."

"இனி அழலாமோ?"

தலையாட்டினேன். அவள் உம்முடைய பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. இரண்டு தடவை முயன்று பார்த்தாள். பிறகு ஏதோ தன்னுடைய பிழை போல, "வருகுதில்லை அண்ணை" என்றாள்.

அன்று பின்னேரமே உம்மைச் சேர்ச் மண்டபத்துக்கு மாற்றினோம், மறுநாள் தீர்த்தத் திருவிழா, அதற்குள் கோயிலைச் சுத்தி செய்யவேண்டும் அல்லவா. சற்றுமுன் காலமானார் என்று அதே ஒலிபெருக்கியில் அறிவித்தோம். மகள் வந்து சேர்ந்தபின் அடக்கம். ஊர் முழுக்க வந்தது. என்னைப் பேசச் சொன்னார்கள். மௌனமாக இருந்திருந்தால்கூட ஒரு பாவத்தோடு தப்பியிருப்பேன். எழுந்து மண்டபத்தைப் பார்த்ததும் பழைய வாய் திறந்துகொண்டது. "தேர் இருப்பிடத்துக்கு வந்துவிட்டதா என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன். ஊரின் மகிழ்ச்சிக்கு ஊறு வரக்கூடாதென்று அதுவரை பிடித்து வைத்திருந்த உயிரை அப்போதுதான் விட்டார்." மண்டபம் விம்மியது. நன்றாக அமைந்த வசனம் என்று அந்த நேரத்திலும் எனக்குத் தெரிந்தது. முன்வரிசையில் கிறேஸ் தலையை நிமிர்த்தி என்னை ஒரேயொரு தடவை பார்த்தாள்.

இப்போது யோசித்தால் ஒன்று தெரிகிறது. நாலு வீதிக்குள் சாவு விழுந்தால் பூசையில்லை என்ற வழக்கத்தை, துடக்கு, அசுத்தம் என்றுதான் நான் எப்போதும் விளங்கிவைத்திருந்தேன். அதற்குள் வேறொன்றும் இருந்திருக்கிறது. ஒரு வீட்டில் பிரேதம் கிடந்தால் சாமியும் பட்டினி, ஊரும் சும்மா இருக்கவேண்டும். எத்தனை ஆயிரம் பேர் வந்து நின்றாலும் அந்த ஒரு வீடு அழுது முடியும்வரை காத்திருக்கவேண்டும். எங்களிடம் அப்படி ஒரு சறுக்குக்கட்டை ஏற்கெனவே இருந்தது. அதை எடுத்து ஒளித்தவன் நான்.

மேலே உள்ளதை எழுதி மூன்று நாளாகிறது. நாளைக்குத் தேர். இந்த மூன்று நாளில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் தாளை எடுத்துக்கொண்டு கிறேஸிடம் போனேன். உம்முடைய படலை நீர் போனபின் தேரன்று திறப்பதில்லை, பந்தலை வெளியேதான் போட்டிருக்கிறார்கள். பலகையில் உண்மையை எழுதப்போகிறேன் என்றேன்.

"ஆருக்காக அண்ணை? அவருக்கோ, எனக்கோ, உங்கடை மனச்சுகத்துக்கோ?" என்று கேட்டாள். கோபமாக அல்ல, தேத்தண்ணிக்குச் சீனி போடவா என்று கேட்பதுபோல.

நீர் இருந்திருந்தால் அலகு என்ன என்று கேட்டிருப்பீர். இரண்டும் ஒரே கேள்விதான்.

"எழுதிறதெண்டால் நேரத்தை மட்டும் போடுங்கோ. விளக்கம் ஒண்டும் வேண்டாம். அஞ்சரை. நான் மணிக்கூடு பாத்தனான்" என்றாள்.

உமது பெயர், படிப்பித்த பாடம், பிறகு 'தேர்த்திருவிழா அன்று காலை ஐந்தரை மணிக்கு இயற்கை எய்தினார்' என்று எழுதினேன். அடுக்குமொழி ஒன்றும் இல்லாமல் நான் எழுதிய முதல் வாசகம் அதுவாகத்தான் இருக்கும். சபையில் கொடுத்தேன். தலைவர் வாசித்தார், மறுபடி வாசித்தார், தாளை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"நேரம் தேவையோ மாஸ்டர்? சனம் ஒரு நம்பிக்கையோடை இருக்குது. அதைக் கேட்டுப்போட்டுப் பிள்ளையள் எவ்வளவு சந்தோசப்படுகுதுகள். ஏன் எல்லாற்றை மனசையும் உடைப்பான்?"

நேரம் வேண்டாம் என்பவர்கள் கையை உயர்த்தச் சொன்னார். நாலு கை உயர்ந்தது. வேண்டும் என்று உயர்ந்தது என்னுடையது ஒன்றுதான். உயர்த்தியபடி இருந்தபோது கை கனத்தது, இறக்கவும் தெரியவில்லை.

"பலகையிலை போடாட்டில் நான் வாயாலை சொல்லுவன்" என்றேன்.

தலைவர் பகைக்கவில்லை. பரிதாபமாகவே சொன்னார்: "சொல்லுங்கோ. ஆர் நம்பப்போகினம்? நீங்கள் அண்டைக்குச் சொன்னதைத்தானே அவையள் நம்பிக்கொண்டிருக்கினம்."

நேற்றும் இன்றும் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பழைய மாணவனிடம் சொன்னேன். தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பந்தலைக் காட்ட வந்திருந்தான். முழுவதும் கேட்டுவிட்டு, "நீங்கள் அவரை இழந்த கவலையிலை உங்களையே பழி சொல்லுறியள் சேர்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். என் மனைவியிடம் சொன்னபோது, மோர் குடிக்காததற்கு இதுதானா காரணம் என்று கேட்டுவிட்டு அவள் குசினிக்குள் போய்விட்டாள். இன்னும் என்னோடு கதைக்கவில்லை. அவள் ஒருத்திதான் நம்பியிருக்கிறாள் என்று நினைக்கிறேன். ஐயரிடம் தீர்த்தம் முடிந்த அன்று சொல்லப்போகிறேன். தேருக்கு முன்னமே சொல்லியிருக்கவேண்டும் என்று நீர் சொல்வீர். இவ்வளவுக்குப் பிறகும் என்னால் முடிந்தது இவ்வளவுதான்.

ஒராள் காணும் என்றீர். அந்த ஒராள் சரியான நேரத்தில் குனிந்திருக்கவேண்டும். சில்லு ஏறிப்போய் இரண்டு வருடத்துக்குப் பிறகு கட்டையோடு ஓடிவருகிறவனை என்ன பெயரால் அழைப்பது என்று தெரியவில்லை.

பலகை வந்துவிட்டது. பின்னேரம் பார்த்தேன். என்னுடைய செத்தவீட்டு வசனம், பொன்னிற எழுத்தில், ஒரு சொல் பிசகாமல். அதைத்தான் இனி நான் உயிரோடிருக்கும்வரை ஒவ்வொரு தேருக்கும் வாசிக்கப்போகிறேன். பெரும்பான்மைக்கு அது சந்தோஷமாக இருக்கும். அந்தச் சந்தோஷம் உம்முடைய மனைவியின் வாய்க்குள்ளிருந்து எடுத்தது என்பது எனக்குத் தெரியும். இப்போதெல்லாம் யாராவது ஊருக்கு நல்லது என்று தொடங்கினால் முதலில் யார் வீட்டு யன்னல் பூட்டியிருக்கிறது என்று பார்க்கிறேன். உம்மிடமிருந்து நான் கற்றதென்று சொல்லிக்கொள்ள அதுதான் இருக்கிறது, அதுவும் நீர் போனபின் கற்றது.

நாளைக்குக் காலையில் ஐந்தரைக்கு உமது வீட்டுக்கு வரலாமா என்று கிறேஸிடம் கேட்டேன்.

"வாங்கோ. ஆனால் பேச்சொண்டும் வேண்டாம்" என்றாள்.

பேசமாட்டேன். உமது அறையில் அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பேன். யன்னலைத் திறந்துவிடச் சொல்வேன். எட்டு மணியளவில் அரோகரா கேட்கும், வடத்தில் ஒரு கை குறையும், அதற்காகத் தேர் நிற்கப்போவதில்லை. தெற்கு வீதிக்கு வந்து படலையடியில் தரிக்கும். கிறேஸுக்கு அந்த நேரத்தில் அழுகை வந்தால் சத்தம் வைத்தே அழட்டும், வெளியே ஆயிரம் பேருக்குக் கேட்டாலும் கேட்கட்டும். வராவிட்டால் நான் பக்கத்தில் இருப்பேன். தேர் எங்கே வந்துவிட்டது என்று எட்டிப் பார்க்கமாட்டேன்.